மூடிய கைக்குள் சீசர்

ரொட்டிக்கடை மென்னேயாஸ் தன் அடிமைப் பெண்ணை அடிப்பது எங்கள் தெருவில் யாருக்கும் புதிதில்லை. வாரத்தில் ஒரு நாளாவது அந்தச் சத்தம் வரும். எதிர்ச்சாரியில் உப்புமீன் கடை வைத்திருக்கும் நான் அதற்காக வியாபாரத்தை நிறுத்தியதில்லை. அன்றைக்கும் நிறுத்தவில்லை. பிறகு ஆளுநர் முன்னால் நின்று என்ன பார்த்தேன் என்று சொல்ல வேண்டி வந்ததால், அந்த ஒரு நாளை மட்டும் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணின் பெயர் அர்மஸ்தா. முப்பத்தைந்து வயதிருக்கும். செல்கே மலைப்பக்கத்துக்காரி. கடை முன்பலகையில் நின்று ரொட்டி விற்பது அவள் வேலை. உள்ளே மாவரைக்கும் கில்லேஸ் அவளுடைய ஆள். அடிமைகளுக்குள் கல்யாணம் என்று சட்டத்தில் ஒன்று கிடையாது. பதினோரு வருஷமாக மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒரே கம்பளியில் படுத்தார்கள். ஊர் அவர்களைப் புருஷன் பெண்டாட்டி என்றே பேசியது.

அன்று விடிந்ததும் கப்பல் சமையல்காரன் ஒருவன் வந்து இரண்டு கூடை காய்ந்த ரொட்டி வாங்கிக்கொண்டு ஒரு வெள்ளிக்காசு கொடுத்துவிட்டுப் போனான். ஒரு பக்கம் இலைமாலை சூடிய சீசரின் தலை. மறுபக்கம் கையில் கிளையோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தேவி. தினமும் எங்கள் கையில் புழங்கும் காசுதான். மதியத்துக்குள் மென்னேயாஸ் கல்லாவை எடுக்க வந்தான். அந்தக் காசைக் கல்லில் போட்டுப் பார்த்தான். சத்தம் மந்தமாக வந்தது. கத்தி முனையால் விளிம்பைச் சுரண்டினான். வெள்ளித் தோலுக்கு அடியில் சிவப்பாகச் செம்பு தெரிந்தது.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு உனக்கு?"

"பளபளன்னு இருந்துச்சுங்க ஐயா. கப்பல் கிளம்புதுன்னு அவசரப்படுத்தினான்."

"நீயும் பளபளன்னு இருக்கேன்னுதான் அன்னிக்கு உன்ன வாங்கினேன். நான் ஏமாந்தது பத்தாதா?"

காசை அவள்மேல் எறிந்தான். அவள் குனிந்து பொறுக்கினாள். துறைமுகத்துக்கு ஓடிப்போய் மாற்றிக்கொண்டு வா என்றான். அவள் இரண்டு அடி வைப்பதற்குள், தெருக்கோடியில் தெரியும் கடலைப் பார்த்தான். கப்பல் பாய் விரித்து வெகுதூரம் போயிருந்தது. அடுப்பிலிருந்து ரொட்டி எடுக்கும் நீளமான மரத்துடுப்பை எடுத்தான்.

அவள் இரண்டு கைகளையும் தலைக்குமேல் மடக்கி உட்கார்ந்தாள். இடது முஷ்டிக்குள் அந்தக் காசு. மூன்று அடி விழுந்தது. மூன்றாவதில் இடது கையின் இரண்டு விரல்கள் முறிந்தன. ஆனாலும் முஷ்டி திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று பின்னால் ஒருமுறை கேட்டேன். "திறந்தா காசு சாக்கடையில விழும். அதுக்கும் சேத்து அடிப்பாரே," என்றாள்.

அடுத்த தெருவில் இன்னொரு ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஹெர்மியாஸ் அந்த நேரம் என் கடையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றான். அவன் அடுப்பு சிறியது. மென்னேயாஸின் அடுப்பு ஒரே நேரத்தில் நூறு ரொட்டி வேகும் அடுப்பு. அந்த அடுப்பைப் பற்றிப் பேசாமல் ஹெர்மியாஸ் ஒரு நாளும் மீன் வாங்கியதில்லை.

"மோலஸ், அவ கையில என்ன அது?"

"காசு."

"என்ன காசு?"

"வெள்ளி."

"தல போட்ட வெள்ளியா?"

"தல போடாத வெள்ளி எங்கய்யா இருக்கு?"

அவன் மென்னேயாஸின் கடையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தான். பிறகு வாங்கிய மீனைப் பலகையிலேயே வைத்துவிட்டுப் போனான். சாயங்காலத்துக்குள், ரொட்டித் துடுப்பால் சீசரின் திருமுகத்தை மென்னேயாஸ் அடித்தான் என்று ஊர் அதிகாரியிடம் மனு போய்விட்டது.

சீசர் சிலையைக் கட்டிப்பிடித்த அடிமையை யாரும் தொடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். காசில் இருப்பதும் அதே சீசர்தானே என்று யோசித்தவன் எங்கள் ஊரில் ஹெர்மியாஸ்தான் முதல். குற்றம் ருசுவானால் குற்றவாளியின் சொத்தெல்லாம் பறிமுதல். காட்டிக்கொடுத்தவனுக்குக் கால் பங்கு.

கேள்விப்பட்டதும் மென்னேயாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கடையைப் பூட்டி அரக்கு வைக்க ஆட்கள் வந்தபோது சிரிப்பை நிறுத்தினான். அர்மஸ்தாவின் கையிலிருந்த காசை அதிகாரியின் ஆள் வெள்ளைத் துணியில் ஏந்தி வாங்கி, மரப்பெட்டியில் வைத்து முத்திரையிட்டு, சீசர் கோயிலில் கொண்டுபோய் வைத்தான். ஏந்தும்போது அவன் காசைப் பார்க்கக்கூட இல்லை. காசைக் கொடுத்த கையில் இரண்டு விரல்கள் திரும்பி நிற்பதையும் அவன் பார்க்கவில்லை. கில்லேஸ்தான் ஒரு கூடைக் குச்சியை உடைத்து வைத்து, துணி சுற்றிக் கட்டினான்.

சாட்சிப் பொருள் கோயிலில். சாட்சிகளான அடிமைகள் ஊர்க் கொட்டடியில். ஆளுநர் வழக்குக் கேட்க வருவதற்கு இருபது நாள் இருந்தது. அந்த இருபது நாளும் அர்மஸ்தாவுக்கும் கில்லேஸுக்கும் நான்தான் மீன் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரக்கம் பாதி, விஷயம் தெரிந்துகொள்ளும் ஆசை பாதி.

முதலில் ஹெர்மியாஸ் அவளைப் பார்க்க வந்தான்.

"அர்மஸ்தாம்மா, கை எப்படி இருக்கு?"

"பதினோரு வருஷமா 'ஏய்'னு கூப்பிட்டீங்க. இன்னிக்கு அம்மா ஆயிட்டேனா?"

"அதெல்லாம் விடு. ஆளுநர் கேட்டா, அடி விழும்போது 'சீசரே காப்பாத்து'ன்னு காசைத் தூக்கிக் காட்டினேன்னு சொல்லணும்."

"நான் 'ஐயோ'ன்னுதானே கத்தினேன்."

"ஐயோவுக்கு அப்புறம் என்ன கத்தினேன்னு எவனுக்குத் தெரியும்? கடை என் கைக்கு வந்துடும். நீயும் அவனும் அங்கயே இருக்கலாம். நான் பாத்துக்கறேன்."

"கால் பங்குதானே உங்களுக்கு? நாங்க உங்க காலுல வருவோமா, சீசரோட முக்காலுல வருவோமா?"

ஹெர்மியாஸ் அதை யோசித்திருக்கவில்லை. பிறகு வருகிறேன் என்று போனவன் வரவேயில்லை.

இரண்டு நாள் கழித்து மென்னேயாஸின் மனைவி பிரக்சோ தேன் தடவிய ரொட்டியோடு வந்தாள். தன் வீட்டு அடிமைக்கு அவள் கையால் எதையும் கொடுத்து யாரும் பார்த்ததில்லை.

"காசு முதல்லயே கீழ விழுந்துடுச்சு, அப்புறம்தான் அடிச்சாருன்னு சொல்லிடுடி. உன்ன விடுதலை பண்ணிடறேன்."

"இப்பவே எழுதிக் குடுங்கம்மா."

"இப்ப முடியாதாம். வழக்கு முடியற வரைக்கும் வீட்டுலருந்து ஒரு கரண்டியக்கூட யாருக்கும் குடுக்கக்கூடாதாம்."

"அப்ப நானும் அந்தக் கரண்டி பக்கத்துல இருந்துட்டுப் போறேன்."

பிரக்சோ கொட்டடிப் படியில் உட்கார்ந்து அழுதாள். "என்னையும்தான் அடிக்கிறாரு. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. மாடியிலருந்து சத்தம் வரும்."

அன்றிரவு கில்லேஸும் அர்மஸ்தாவும் பேசி முடிவெடுத்தார்கள். மென்னேயாஸ் தண்டிக்கப்பட்டால் அடிமைகள் எல்லோரும் ஏலத்துக்குப் போவார்கள். கில்லேஸை ஒருவன் வாங்குவான், அவளை இன்னொருவன் வாங்குவான். ஒருவன் பக்கத்து நகரமான பெர்கேவில் இருப்பான், ஒருத்தி கப்பலில் ஏறுவாள். மென்னேயாஸ் தப்பித்தால் வீட்டுக்குப் போகலாம்.

"போனா கொன்னுடுவான்," என்றான் கில்லேஸ்.

"கொல்ல மாட்டாரு. காசு குடுத்து வாங்கினவரு. அடிப்பாரு. அது பழகினதுதானே?"

கோர்ட்டில் உண்மையையே சொல்லிவிடுவது என்று அவள் தீர்மானித்தாள். அந்தக் காசு கள்ளக்காசு. செம்புக்கு வெள்ளித் தோல் போர்த்தி எவனோ திருட்டுப் பட்டறையில் அடித்தது. அதில் சீசரே இல்லாதபோது யார் யாரை அடித்தார்கள்? ஹெர்மியாஸும் சரி, பிரக்சோவும் சரி, அவள் ஏன் அடிவாங்கினாள் என்று மட்டும் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். மென்னேயாஸும் வாயைத் திறக்கவில்லை. காசில் கத்தி வைத்த கதையைச் சொல்ல அவனுக்குப் பயம்.

ஆளுநர் வந்தார். வயதான ரோமானியர். ஜலதோஷம் பிடித்திருந்தது. எங்கள் மொழியை மூக்கால் பேசினார். சந்தைத் திடலின் தூண் மண்டபத்தில் அவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஊரே நின்றது. இரண்டு பக்கத்துக்கும் பெர்கேவிலிருந்து வக்கீல்கள் வந்திருந்தார்கள்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். அவள் கையைத் தூக்கினாள், அவன் அடித்தான் என்றேன்.

"கையில காசு இருந்துச்சா?"

"மூடின கைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

எனக்குத் தெரியும். அவள் குனிந்து பொறுக்கியதையும் பார்த்தேன், ஹெர்மியாஸிடம் வெள்ளி என்று சொன்னதும் நான்தான். ஆனால் இரண்டு ரொட்டிக்கடைக்காரர்களும் என் வாடிக்கையாளர்கள். ஹெர்மியாஸ் என்னைப் பார்த்த பார்வையை நான் திருப்பிப் பார்க்கவில்லை.

பிறகு வக்கீல்கள் பேசினார்கள். முஷ்டி மூடியிருந்ததால் துடுப்பு விரல்மேல்தான் பட்டது, திருமுகத்தில் படவில்லை என்றார் ஒருவர். விரல் எலும்பு வழியாக அதிர்ச்சி உள்ளே போய்ச் சீசரின் கன்னத்தில் பட்டிருக்கும் என்றார் மற்றவர். சீசர் மேல்பார்த்து இருந்தாரா, உள்ளங்கையைப் பார்த்து இருந்தாரா என்று ஒரு நாழிகை போனது. உள்ளங்கையைப் பார்த்து இருந்தால் அடியை முதுகில் வாங்கியவள் பின்பக்கத்துத் தேவி. அது தனிக் குற்றமா, இதே குற்றமா என்று இன்னொரு நாழிகை. விரல்களைப் பற்றி அதற்குமேல் யாரும் பேசவில்லை.

கடைசியில் அர்மஸ்தாவைக் கொண்டுவந்தார்கள். அடிமையின் வார்த்தை வலியோடு வந்தால்தான் சட்டம் அதைக் கேட்கும். எஜமானுக்கு எதிராக அவர் அடிமையை வதைத்துக் கேட்கக்கூடாது என்று ஒரு விதி உண்டு. ஆனால் சீசர் சம்பந்தப்பட்ட வழக்கில் அந்த விதி செல்லாது. முழங்காலுக்குக் கீழே கயிறு சுற்றி, குச்சி நுழைத்து முறுக்கினார்கள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"காசு கையில இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க. அது செல்லாக்காசுங்க. அத வாங்கினதுக்குத்தான் அடிச்சாரு."

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். பக்கத்தில் நின்றவன் சேர்ந்துகொண்டான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். மென்னேயாஸின் வக்கீல் துள்ளி எழுந்தார். திருடன் அடித்த செம்புத் துண்டில் சீசர் எப்படி இருப்பார், அதைச் சீசர் என்று சொல்பவன்தான் நிந்தனை செய்கிறான் என்றார். களிமண் சிலையானாலும் சீசர் சீசர்தான், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது பக்தியல்ல என்றார் மற்றவர்.

ஆளுநர் மூக்கைத் துடைத்துக்கொண்டு பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். வெள்ளிப் பட்டறைக்காரன் ஒருவனைக் கூட்டத்திலிருந்து கூப்பிட்டார்.

"வெட்டிப் பாத்துச் சொல்லு."

"எங்கங்க வெட்டறது?"

"நடுவுல வெட்டு."

"நடுவுல சீசர் கழுத்துங்க."

ஆளுநர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு, "திருப்பிப் போட்டு வெட்டு," என்றார்.

"அந்தப் பக்கம் தேவிங்க. சீசரோட அம்மாதான் அதுன்னும் சொல்றாங்க. எனக்குப் புள்ள குட்டி இருக்குங்க."

"சரி, விளிம்பைப் பாரு."

பட்டறைக்காரன் தொடாமலேயே குனிந்து பார்த்தான். "சுரண்டியிருக்குங்க. செவப்பாத் தெரியுது."

ஹெர்மியாஸின் வக்கீல் இதற்காகவே காத்திருந்தவர்போலக் கத்தினார். "சுரண்டினது யாரு? சீசர்மேல கத்தி வெச்சது யாரு?"

மென்னேயாஸின் முகம் மாவு நிறத்துக்குப் போனது. செல்லாக்காசு என்ற வார்த்தை வந்ததும் நிமிர்ந்து நின்றவன், அந்த வார்த்தையே தன் கழுத்தில் ஏறுவதைப் பார்த்தான். துடுப்பால் அடித்ததற்கு நாடு கடத்தல். கத்தி வைத்ததற்குத் தலை போகும்.

மறுபடி கயிற்றை முறுக்கினார்கள்.

"சுரண்டினது யாரு?"

"கப்பல்காரன் குடுக்கும்போதே அப்படித்தான் இருந்துச்சுங்க."

"சுரண்டினது தெரிஞ்சும் ஏன் வாங்கின?"

"என் கண்ணு பொடனியில இருக்குங்க."

இன்னொரு முறுக்கு. அவள் அலறினாள். ஆனால் சொன்னதை மாற்றவில்லை. அந்த வழக்கு முழுவதிலும் அவள் சொன்ன ஒரே பொய் அதுதான். பதினோரு வருஷம் தன்னை அடித்தவனின் தலையை அது காப்பாற்றியது. ஏன் சொன்னாய் என்று நான் கேட்டதற்கு, "அடிச்சதுக்கு ஒருத்தன் சாகணும்னா ஊர்ல எவன் மிஞ்சுவான்?" என்றாள். வேறொரு நாள் கேட்டபோது, வலியில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்றாள்.

ஆளுநர் சாப்பிட்டுவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார். பொய்க்காசு என்று நிரூபிக்க அதை வெட்ட வேண்டும். அதை வெட்ட யாருக்கும் அதிகாரமில்லை. ஆகவே அது மெய்க்காசு. மெய்க்காசில் இருப்பவர் சீசர். சீசரைக் கையில் வைத்திருந்தவளை மென்னேயாஸ் அடித்திருக்கிறான். சொத்து பறிமுதல், அவன் தீவுக்குப் போக வேண்டும். விளிம்பைச் சுரண்டியது யாரென்று தெரியாத கப்பல்காரன். எழுத்தரைப் பார்த்து, ரோமுக்கு அனுப்பும் நகலில் திருமுகம் என்ற வார்த்தையைப் பெரிதாக எழுதச் சொன்னார். விடுவித்தால் தன்னையே யாராவது காட்டிக்கொடுப்பார்கள் என்ற பயம் அவருக்கும் இருந்திருக்கும்.

கில்லேஸ் கூட்டத்தின் ஓரத்தில் காவலோடு நின்றான். உண்மை சொன்னால் வீட்டுக்குப் போகலாம் என்று அவள் போட்ட கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

அந்த மாதம் எங்கள் ஊரில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. அடிமையை அடிக்கப் போகிறவர்கள் முதலில், "கையத் திற," என்றார்கள். அடிமைகள் எங்கிருந்தோ ஒரு காசைத் தேடி இடுப்பில் முடிந்துகொண்டார்கள். செம்புக்காசில் இருப்பவரும் சீசர்தானே! குளியல்கூடத்தில் விறகு போடும் ஒருவன், காசில் துளைபோட்டுக் கழுத்திலேயே தொங்கவிட்டான். துளை சீசரின் காது வழியாகப் போயிருக்கிறது என்று யாரோ சொல்ல, அதைக் கழற்றிக் கிணற்றில் போட்டான்.

ஏலம் சந்தை நாளில் நடந்தது. கில்லேஸுக்குப் போட்டி இருந்தது. கடையையும் அடுப்பையும் தன் கால் பங்கோடு கொஞ்சம் பணமும் சேர்த்துக் கருவூலத்திலிருந்து எடுத்துக்கொண்ட ஹெர்மியாஸே அவனையும் வாங்கினான். மாவரைக்க ஆள் வேண்டுமே. பிறகு அர்மஸ்தாவை மேடையில் ஏற்றினார்கள்.

"நல்ல பொம்பள. கை சுத்தம். வியாபாரம் தெரியும்!" என்றான் ஏலக்காரன்.

"எங்களுக்குத்தான் அவளத் தொடத் தெரியாது!" என்று கூட்டத்திலிருந்து பதில் வந்தது.

"அவள வீட்டுல வெக்கறதுக்குச் சீசரையே விருந்துக்குக் கூப்பிடலாம்யா!"

யாரும் விலை கேட்கவில்லை. ஹெர்மியாஸிடம் ஏலக்காரன் தனியாகக் கேட்டுப் பார்த்தான். "வேணாம்ப்பா. எனக்குக் கை கொஞ்சம் நீளம். என்னிக்காச்சும் மறந்துடுவேன்," என்றான் ஹெர்மியாஸ். அடுத்த சந்தையிலும் அவளை ஏற்றினார்கள். அதற்கடுத்த சந்தையிலும் ஏற்றினார்கள். விலை ஒரு கழுதையின் விலைக்குக் கீழே போனது.

மூன்றாவது சந்தை நாளில் கில்லேஸ் ஹெர்மியாஸிடம் போனான். அடிமையும் எஜமான் சம்மதித்தால் கையில் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். அதில் என்ன வேண்டுமானாலும் வாங்கலாம். திருவிழா நாட்களில் மற்றவர்களுக்கு மாவரைத்து அவன் சேர்த்தது நாற்பத்தெட்டு வெள்ளி. மீன் கடையில் என்னிடம்தான் கொடுத்து வைத்திருந்தான்.

"ஐயா, அவள நான் வாங்கிக்கட்டுமா?"

ஹெர்மியாஸ் சிரித்தான். பிறகு யோசித்தான். "வாங்கிக்க. உன் காசு, உன் ஆளு. நாளைக்கு அவளால வம்பு வந்தா, உடையவன் நீ. அந்த வம்புல என் பேரு வரக்கூடாது."

ஏலக்காரன் பலகையில் எழுதிக்கொண்டான்: வாங்கியவர், ஹெர்மியாஸின் அடிமை கில்லேஸ். விலை, நாற்பத்தைந்து வெள்ளி.

நான் அவர்களோடு கடைவரை நடந்தேன்.

"இனிமே நான் உன் எஜமான், தெரியுமில்ல?" என்றான் கில்லேஸ். முகம் முழுக்கச் சிரிப்பு. "இன்னிக்கு ராத்திரி கால அமுக்கி விடு."

"அமுக்கறேன். முட்டிக்குக் கீழ ஒரு கயிறு சுத்தி."

கொஞ்ச தூரம் அவள் நொண்டிக்கொண்டே நடந்தாள். பிறகு கேட்டாள்: "எவ்வளவுக்கு வாங்கின?"

"நாப்பத்தஞ்சு."

"அவ்வளவுதானா?"

"அதுகூடக் கொறச்சுப் பேசியிருக்கலாம். ஏலக்காரன் விடல."

"மொத சந்தையில வாங்க வேண்டியதுதானே?"

"மொத சந்தையில நூத்தம்பது. அதான் வெல எறங்கட்டும்னு இருந்தேன்."

"ரெண்டாவதுல?"

"எம்பது. எங்கிட்ட ஏது அவ்வளவு?"

"எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொன்னியா? மூணு சந்த. நொண்டிக் கால வெச்சுக்கிட்டு வெயில்ல நிக்கறேன், கீழ எல்லாரும் சிரிக்கறான். உன்னக் காணோம். உன்ன வேற எங்கயோ வித்துட்டாங்க போலன்னு நெனச்சேன்."

"முன்னால வந்து நின்னா, ஆசப்படறான்னு தெரிஞ்சு வெல ஏத்துவான் புள்ள."

கணக்கு சரிதான். ஆனால் அவள் நான்கு நாள் அவனோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் ரொட்டிக்கூடை தூக்க ஆள் வேண்டியிருந்ததால் பேசினாள்.

அதன்பிறகு ஹெர்மியாஸ் அவளை ஒருநாளும் தொட்டதில்லை. அவள் இருக்கும் இடத்தில் மற்றவர்களையும் அடித்ததில்லை. அடிக்க வேண்டியிருந்தால் அவர்களைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவான். அவளுடைய இரண்டு விரல்களும் நீட்டியபடியே விறைத்து நின்றன. வலக்கையால் ரொட்டி எடுத்துக் கொடுப்பாள். பிரக்சோ தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். இப்போது அவள் நன்றாகச் சதை போட்டிருப்பதாகப் பெர்கே பக்கம் போனவர்கள் சொன்னார்கள்.

மென்னேயாஸ் தீவில் இரண்டாவது குளிர்காலத்தைத் தாண்டவில்லை. சேதி உப்பு ஏற்றி வந்த படகோடு என் கடைக்குத்தான் முதலில் வந்தது. நான் தெருவைத் தாண்டிப் போய் அர்மஸ்தாவிடம் சொன்னேன். முன்பலகையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"எப்ப?" என்றாள்.

"இருபது நாள் இருக்கும். நெஞ்சுச் சளியாம்."

"குளுரு அவருக்கு ஆகவே ஆகாது. மழ வந்தாலே அடுப்புப் பக்கம் வந்து உக்காந்துக்குவாரு," என்றாள். உள்ளே திரும்பி, "கில்லேஸ், ஐயா போயிட்டாராம்," என்று குரல் கொடுத்தாள். உள்ளே திரிகை நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி சுற்றத் தொடங்கியது. வரிசையில் முதலில் நின்றவனிடம், "உனக்கு எத்தன?" என்றாள்.